ஏழு மில்லிமீட்டர் பள்ளமும் என் மச்சினனின் லேசரும்

"மச்சான், கத்தி கித்தின்னா ஒத்துக்காதீங்க. இப்பல்லாம் லேசர்தான். நான் காலைல பண்ணிட்டு ராத்திரி தோசை சாப்பிட்டேன்."

சென்னையிலிருந்து மச்சினன் போனில் இதைச் சொன்னபோது நான் மதுரையில் ஒரு பல் கிளினிக் வாசலில், ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, கையில் எக்ஸ்ரே கவரோடு நின்றுகொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு முன்புதான் உள்ளே டாக்டரம்மா சொல்லியிருந்தார்: கீழ் வலது பக்கம் ஃப்ளாப் சர்ஜரி செய்ய வேண்டியிருக்கும். ஈறைக் கீறி, விலக்கி, சுத்தம் பண்ணி, திரும்பத் தைப்பது. கீறுவதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தைப்பது என்றதும் அடிவயிறு கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் வந்த போன். கடவுளே டவர் வழியாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

கதை அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. பல் தேய்த்தால் வாஷ்பேசினில் ரத்தம். கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்புக் கோடு. விடிகாலையில் வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி ஒரு ருசி. "என்னங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க" என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை பிரஷ்ஷை மாற்றினேன், பேஸ்டை மாற்றினேன், உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன், கிராம்பு எண்ணெய் தடவினேன். பல் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம்தான் காரணம்: "கிளீன் பண்ணா பல்லு ஆட ஆரம்பிச்சிரும்."

இந்த வாக்கியம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குப் பின்னால் புரிந்தது. நான் கட்டிட சூப்பர்வைசர். பழைய வீடுகளில் கைப்பிடிச் சுவர் ஒன்று உள்ளே செங்கல் இளகிப்போய், மேலே பூசிய காரையின் தயவில் நின்றுகொண்டிருக்கும். காரையைக் கொத்தி எடுத்த அன்றைக்குச் சுவர் ஆடும். வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டுவார். பல்லில் கல் மாதிரிப் படிகிறதே, அதற்கும் தமிழில் காரை என்றுதான் பெயர். ஈறுக்கடியில் எலும்பு எப்போதோ கரைந்திருக்கும். காரைதான் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டுப்போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, பழி டாக்டர் தலையில்.

"வலியே இல்லையே டாக்டர், அதனாலதான் விட்டுட்டேன்" என்றேன் முதல் நாள்.

"அதான் சார் இதுல பிரச்சனையே" என்றார்.

பிறகு அளக்க ஆரம்பித்தார். மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய, முனை மழுங்கிய கம்பி. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் தாளில் குறித்துக்கொண்டே வந்தது. மூணு, ரெண்டு, மூணு. நாலு, மூணு, அஞ்சு. தினமும் டேப்பைப் பிடித்துக்கொண்டு எண்களைக் கத்துவது என் தொழில். என் வாயை வேறொருவர் அளப்பதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது புது அனுபவம். கீழ் வலது கடைவாய்க்கு வந்தபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏழு."

மூன்று மில்லிமீட்டர் வரை ஈறு நல்ல ஈறு. அதற்குமேல் அது பை. டாக்டர்கள் பாக்கெட் என்கிறார்கள். பாக்கெட் ஆழமாக ஆழமாக பிரஷ்ஷுக்கு அங்கே வேலையில்லை, கிருமிகளுக்குத்தான் குடித்தனம். அந்தக் கிருமிகளோடு உடம்பு போடுகிற சண்டையிலேயே எலும்பு கரைகிறது. ஓபிஜி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற இடங்களில் எலும்பு ஓரளவுக்கு மட்டமாகத் தேய்ந்திருந்தது. கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் மட்டும், மரத்தில் ஆப்பு அடித்து எடுத்த மாதிரி, கறுப்பாக ஒரு முக்கோணம். அந்தக் காலத்துப் பல்பொடி விளம்பரங்களில் பயோரியா, பயோரியா என்று வருமே, ஏதோ வெளிநாட்டுக் காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். சீழ் ஒழுகுதல் என்பதற்கான கிரேக்கச் சொல்லாம். அது இதுதான்.

அன்றே யாரும் கத்தியை எடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் சர்க்கரையைப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி 8.9. "இதோட எதைப் பண்ணாலும் ஆறாது சார், முதல்ல உங்க சுகர் டாக்டரைப் பாருங்க." சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். ஈறு நோய்க்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சராசரி 0.4 அளவுக்கு இறங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாத்திரையின் வேலையில் கணிசமான பங்கு அது.

அடுத்தது டீப் கிளீனிங். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரை இறங்கிச் சுரண்டுவது. எனக்கு நாலு சிட்டிங். பிறகு இரண்டு மாதம் சும்மா விட்டார்கள். திரும்ப அளந்தபோது அஞ்செல்லாம் மூணாகியிருந்தது. ரத்தம் பெரும்பாலும் நின்றிருந்தது. கீழ் வலது பக்கம் கடைசி இரண்டு பற்கள் மட்டும் பிடிவாதமாக ஏழு, ஆறு. அந்த இரண்டு பற்களுக்காகத்தான் சர்ஜரி. மச்சினன் போன் செய்தது அன்றைக்குத்தான்.

லேசரா, கத்தியா என்ற கேள்வியே இந்தக் கட்டத்தில்தான் எழ வேண்டும் என்பது என் எண்ணம். முதல் நாளே நாற்காலியில் உட்கார வைத்து "முப்பத்திரண்டு பல்லுக்கும் லேசர், பேக்கேஜ்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் நாளே வாய் முழுக்க ஃப்ளாப் என்றாலும் அப்படியே. ஆழமில்லாத இடத்தில் அறுத்தால் நஷ்டம்தான். ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் யான் லிண்டேவும் சகாக்களும் 1982இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். சுமார் 4.2 மில்லிமீட்டருக்குக் குறைவான பாக்கெட்டில் சர்ஜரி செய்தால், பல்லைப் பிடித்திருக்கும் திசுவின் பிடிப்பு முன்பைவிடக் கீழேதான் போகிறது. ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டியும், டீப் கிளீனிங்குக்குப் பிறகும் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத இடங்களைத்தான் சர்ஜரிக்குச் சொல்கிறது. நாலு, அஞ்சு என்றால் திரும்பவும் சுத்தம் செய்தால் போதும்.

சரி, லேசருக்கு வருகிறேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முதலில் தெரிந்துகொண்டது, "லேசர்" என்று ஒரு பொருள் இல்லை. சிமென்ட் கடையில் போய் "கம்பி கொடு" என்று கேட்கிற மாதிரிதான் அது. எந்தக் கம்பி, எத்தனை மில்லி?

நம் ஊர் கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது டயோடு லேசர். மேஜை மேல் வைக்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு இழை. அதன் ஒளியை ரத்தத்தின் சிவப்பும் தோலின் கறுப்பும்தான் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஈறை அருமையாக வெட்டும், வெட்டும்போதே ரத்தத்தையும் கட்டும். காரையை மட்டும் அதனால் எடுக்க முடியாது. எர்பியம் லேசர் வேறு ஜாதி. அதன் அலைநீளம் 2940 நானோமீட்டர், தண்ணீர் அதை விழுங்கும். காரையையும் எலும்பையும்கூடச் சீவ வல்லது, விலையும் அப்படி. மூன்றாவது என்டி-யாக், 1064 நானோமீட்டர். விளம்பரங்களில் "கத்தியில்லாத ஈறு சர்ஜரி" என்று வருவதற்கு மூலம் இதுதான். கலிபோர்னியாவில் ராபர்ட் கிரெக், டெல்வின் மெக்கார்த்தி என்ற இரண்டு பல் டாக்டர்கள் இதைவைத்து லானாப் என்றொரு முறையை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் எஃப்டிஏ அதற்கு 2004இல் அனுமதி கொடுத்தது. இழந்த பிடிப்புத் திசு மறுபடி வளர்கிறது என்று சொல்லிக்கொள்ளவும் 2016இல் அனுமதித்தது. அனுமதி கிடைத்ததால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உசத்தி என்று ஆகிவிடாது. இதை விளம்பரக்காரர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அவர்கள் விட்டுவிடுகிற இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த லானாப் முறையிலேயே முதல் தடவை லேசர் விட்டதும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நம்ம ஊர் ஸ்கேலிங் மெஷின் மாதிரி அதிர்கிற கருவியை உள்ளே விட்டு வேரைச் சுரண்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாம் தடவை லேசர், ரத்தத்தை உறையவைத்துப் பாக்கெட்டை மூட. கலிபோர்னியா போனாலும் காரையை யாராவது சுரண்டித்தான் ஆக வேண்டும்.

வழிகாட்டிகள் என்ன சொல்கின்றன? டீப் கிளீனிங்கோடு சேர்த்து லேசர் வேண்டாம் என்பதே 2020 ஐரோப்பிய வழிகாட்டியின் பரிந்துரை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்டதும் ஏறக்குறைய அதே தொனி. லேசர் கெடுதல் என்பது அவர்கள் வாதம் இல்லை. கொடுக்கிற காசுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்கிறார்கள். ஆபத்து ஒன்று உண்டு, அது சூடு. எலும்பை 47 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்திருந்தாலே கெட்டுப்போகத் தொடங்குகிறது என்று முயல்களில் செய்த சோதனையில் 1983இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் இழையை நிறுத்திவைக்கிற கத்துக்குட்டி கையில் மாட்டினால் பல் அம்போ.

இவ்வளவையும் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் போய், கொஞ்சம் மிடுக்காகவே கேட்டேன், "நீங்க ஏன் லேசர் வெச்சுக்கலை?"

அவர் சிரித்துவிட்டு மூலையைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு பெட்டி இருந்தது. "என்கிட்டயும் இருக்கு சார். ஈறு வளர்ந்து பல்லை மூடியிருந்தா அதுல வெட்டுவேன். ஈறு கறுப்பா இருக்குன்னு கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற பொண்ணுங்களுக்குப் பண்றேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்குச் சின்ன வேலைன்னா அதுதான் நிம்மதி. உங்களுக்கு நான் உள்ள பாக்கணும். லேசர் வெட்டும், சுடும். எனக்காக அது பாக்காதுல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். பைப் லீக் என்றால் சுவரை உடைக்காமல் சரிசெய்து தரக் கேட்கிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஊசி மூன்று. உதடு இட்லி மாதிரி ஆனதும் ஆரம்பித்தார். கீறியது தெரியவே இல்லை. தெரிந்தது சத்தம். அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம், ஆனால் மண்டைக்குள்ளிருந்து. ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு போட்டோ எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். ஈறு ஒரு திரை மாதிரி விலகிக் கிடக்க, உள்ளே வேர். கடைவாய்ப் பல்லுக்கு வேர் இரண்டு, அவை பிரிகிற கவட்டையில் கறுப்பாக, கரி பிடித்த மாதிரி ஒரு திட்டு. மேலே தெரிகிற காரை மஞ்சளாக இருக்கும், ஈறுக்கடியில் ரத்தத்தில் ஊறியது இப்படிக் கறுத்துப்போகுமாம். "டீப் கிளீனிங்ல ரெண்டு தடவை இந்த இடத்துக்கு வந்தேன் சார். கையில படவே இல்ல" என்றார். தன் கையில் தப்பியதை ஒளிக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் மரியாதை கூடியது.

அதைச் சுரண்டி எடுத்து, ஆப்புப் பள்ளத்தில் ஒரு சிட்டிகை எலும்புத் தூளை வைத்து, கறுப்புப் பட்டு நூலால் தைத்து, மேலே ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை அப்பி அனுப்பினார். ஒன்றரை மணி நேரம். ஏழாயிரம் ரூபாய். இதே பக்கத்துக்கு இன்னொரு இடத்தில் லேசருக்குக் கேட்டது பன்னிரண்டாயிரம்.

கத்திக்கு நான் கட்சி கட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் நரகம். இரண்டாம் நாள் கன்னம் வீங்கி, பேரனுக்கு வேடிக்கைப் பொருளானேன். மூன்று நாள் தயிர்சாதமும் ஆறிய கஞ்சியும், அதுவும் இடது பக்கமாக. கொப்பளிக்கக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் வாயில் ருசியைக் கொன்றது. மீன் குழம்பு சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. டீயை விடமுடியாததால் பல்லெல்லாம் பழுப்புக் கறை. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். வீக்கம் வடிந்ததும் ஈறு கீழே இறங்கி, அந்த இரண்டு பற்களும் நெட்டையாகத் தெரிந்தன. ஐஸ் வாட்டர் பட்டால் உச்சந்தலை வரை கூசும். பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத சந்து, கீரை சாப்பிட்டால் அங்கேதான் மாட்டும். ஃப்ளாப்பில் ஈறு இறங்குவது சகஜம், கூச்சம் சில மாதங்களில் குறையும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னது ஒன்று, கண்ணாடியில் பார்ப்பது வேறு.

மச்சினனுக்கு இதில் எதுவும் கிடையாது. கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்களாம், தீய்ந்த வாடை வந்ததாம், நாற்பது நிமிடம், தையல் இல்லை, ராத்திரி தோசை. முதல் வாரத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் லேசருக்கு நூற்றுக்கு நூறு. அவனுடைய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவனுக்கு அதிகபட்ச ஆழமே ஐந்து. சர்க்கரை கிடையாது. லேசருக்கு முன்னால் இரண்டு சிட்டிங் டீப் கிளீனிங். "அதுலயே முக்கால்வாசி வேலை முடிஞ்சிருக்கும் சார். லேசர் மேல பூசுன பெயின்ட்" என்றார். அவன் நோயும் என் நோயும் ஒரே பெயர் கொண்டவை, அவ்வளவுதான். ஒன்றின் அனுபவத்தை வைத்து மற்றதற்கு ஆலோசனை சொன்னது அவன் பிரியத்தில் செய்த தப்பு. கல்யாண வீடுகளில் நாம் எல்லோரும் செய்வதும் இதுதான்.

படித்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பழைய ஸ்வீடன் ஆராய்ச்சி ஒன்று. லேசர் பல் ஆஸ்பத்திரிக்குள் வருவதற்கு முன்னால், 1970களில். கோத்தன்பர்க் குழு நோயாளிகளைப் பிரித்து, ஆளுக்கொரு சர்ஜரி முறையைச் செய்து பார்த்தது. எந்த முறை ஜெயிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான். 1976இல் வந்த முடிவில், சர்ஜரிக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டவர்களுக்கு எந்த முறையானாலும் நன்றாக ஆறியது. அடுத்த வருடம் இன்னொரு குழுவைப் பற்றி எழுதினார்கள். இவர்களுக்கும் அதே சர்ஜரிகள், பிறகு அந்தப் பராமரிப்பு மட்டும் இல்லை. எந்த முறையில் செய்திருந்தாலும் இவர்களுக்குப் பிடிப்பு இன்னும் இறங்கிப்போனது. சர்ஜரி செய்யாமலே இருந்திருக்கலாம் போல. ஐம்பது வருடத்துக்கு முன்பே இது தெரிந்திருக்க, நான் மூன்று ராத்திரி அலைநீளம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால், யாராவது என்னிடம் "லேசரா, ஃப்ளாப்பா?" என்று கேட்டால் இப்போது திருப்பிக் கேட்கிறேன்: ஆறு இடம் அளந்த தாள் கையில் இருக்கிறதா? டீப் கிளீனிங் முடிந்து திரும்ப அளந்தார்களா? எத்தனை இடம் ஆறிலோ அதற்குமேலோ நிற்கிறது? லேசர் என்றால் எந்த லேசர், காரையை எதால் எடுக்கப்போகிறார்கள்? கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோ என்று பலரும் பயப்படுகிறார்கள். நல்ல டாக்டர்கள் கோபப்படுவதில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதயத்துக்கு ரத்தம் உறையா மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

ஆறு மாதம் கழித்து அளந்தார்கள். மூணு, மூணு, நாலு. ஏழு இருந்த இடத்தில் நாலு. கடைசிப் பல்லின் பின்பக்கம் மட்டும் இன்னும் அஞ்சு. கையில் கண்ணாடியைக் கொடுத்து, பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷைக் குட்டியாக்கின மாதிரி ஒன்றை அந்தச் சந்துக்குள் விட்டுக் காட்டினார். "ராத்திரி ராத்திரி. இதை விட்டீங்கன்னா என் தையலுக்கு அர்த்தமில்ல." மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். காலையில் வாஷ்பேசின் பக்கம் நின்றவன் அந்தக் குட்டி பிரஷ்ஷை எடுத்துப் பார்த்து, "இது என்ன மச்சான், கம்ப்யூட்டர் கீபோர்டு துடைக்கிறதா?" என்றான். சொன்னேன். கேட்டுக்கொண்டே பல் தேய்த்தான். துப்பினதில் லேசாக ஒரு சிவப்பு.

"கடைசியா டாக்டர்கிட்ட எப்ப மாப்ள போன?"

"எதுக்கு மச்சான்? அதான் லேசர் பண்ணியாச்சே."

பிரிக்காத பிரஷ் ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.